டெங்குக் காய்ச்சலில் இரத்தப் பரிசோதனை

வெள்ளாற்றின் குறுக்கே சேத்தியாத்தோப்பில் அமைந்துள்ள அணைக்கட்டையும், அதற்குத் தெற்கே பரந்து கிடக்கும் வீராணம் ஏரியையும் அறியாத குடியானவர் கடலூர் மாவட்டத்தில் இரார். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுக்குமாயின், ஏரியின் நீர்மட்டம் எவ்வளவு என்பதே ஊரெங்கும் பேச்சாயிருக்கும். வீராணத்தின் முழு நீர்மட்டம் 47.50 அடி. இன்று 46 அடி என்று ஒருவர் வந்து சொன்னால், அனுபவமுள்ள விவசாயி உடனே கேட்பது, "நேற்று எவ்வளவு இருந்தது? ஏறுகிறதா, இறங்குகிறதா?" என்பதுதான். ஒரு வேளை எடுத்த அளவைக் கொண்டு வெள்ளம் வரும் என்றோ வராது என்றோ எவரும் முடிவு கட்டுவதில்லை.

அதே மழை மாதங்களில்தான் நம் ஊர்களில் டெங்குக் காய்ச்சலும் தலைகாட்டுகிறது. காய்ச்சல் கண்டால் இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்பதை மக்கள் இன்று பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மகிழ்ச்சிக்குரிய மாறுதலே. ஆயினும் அப்பரிசோதனை எதற்காக, எந்த நாளில், எத்தனை முறை என்பன இன்னும் தெளிவாகவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று நிம்மதியடைந்து நோயாளியை வீட்டோடு வைத்துக்கொள்வோர் உண்டு. ஒரே ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு நிலைகுலைந்து, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நோயாளியைத் தூக்கிக்கொண்டு அலைவோரும் உண்டு. ஏரியின் மட்டத்தை அளக்கத் தெரிந்த நாம், இரத்தத்தின் மட்டத்தை அளப்பதிலும் அதே நிதானத்தைக் கைக்கொள்ள இயலும்.

முதலில், காய்ச்சலின் புறத்தோற்றத்தைக் கொண்டே அது இன்ன நோய் என்று சொல்லமுடியாதா என்னும் கேள்வியைப் பார்ப்போம். நம் மாநிலத்தின் வரலாறே இதற்கு விடை கூறுகிறது. டெங்குவை ஒத்த காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகக் குறிக்கப்பெற்றது 1780-ஆம் ஆண்டில், சென்னையில். அன்று இரத்தத்தைச் சோதிக்கும் வழி ஏதும் இருக்கவில்லை. ஆகையால் அது டெங்குதானா என்பதை இன்றும் எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. பின்னர் 1964-ஆம் ஆண்டில் சென்னையிலும் வேலூரிலும் மற்றும் பல இடங்களிலும் பெரியதொரு காய்ச்சல் பரவியது. கடுமையான மூட்டு வலி, தலைவலி, உடலெங்கும் தடிப்பு ஆகியவற்றைக் கண்டு, டெங்குவைப் போன்ற காய்ச்சல் என்றே அதைக் குறிப்பிட்டார்கள். நோயாளிகளின் இரத்தத்தையும், பிடிக்கப்பட்ட கொசுக்களையும் ஆராய்ந்தபோது அதில் இருந்தது சிக்குன்குனியா என்னும் வேறொரு வைரஸ் என்று தெரியவந்தது. அதைவிட வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. வேலூரில் ஒரே நோயாளியின் இரத்தத்திலிருந்து சிக்குன்குனியா வைரஸும் டெங்கு வைரஸும் ஒருங்கே பிரித்தெடுக்கப்பட்டன. நாடி பிடித்துப் பார்த்தோ, தொட்டுப் பார்த்தோ இதை யாரால் கண்டுபிடித்திருக்க முடியும்?

நெல் விளையும் ஊர்களில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரில் வெறுங்காலுடன் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வருகிறது. புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணிகள் கடிப்பதால் ஸ்கரப் டைபஸ் என்னும் காய்ச்சல் வருகிறது. டைபாயிடும் மலேரியாவும் நாம் நெடுங்காலமாக அறிந்தவை. இவை யாவும் முதல் மூன்று நாட்களில் ஏறக்குறைய ஒரே முகத்தைக் காட்டும். ஆனால் சிகிச்சையோ வெவ்வேறு. எலிக்காய்ச்சலுக்கும் ஸ்கரப் டைபஸுக்கும் உரிய மருந்தை உரிய காலத்தில் கொடுத்தால் அவை தணியும். டெங்கு வைரஸை நேரடியாக அழிக்கும் மருந்தோ இதுவரை வழக்கத்தில் இல்லை. ஆகையால் எதிரி யார் என்று அறியாமல் மருந்துக் கடையில் நான்கு மாத்திரைகளை வாங்கி விழுங்குவது, பூச்சி எது என்று பாராமல் பயிருக்கு மருந்தடிப்பதற்கு ஒப்பாகும்.

டெங்குவைப் பொறுத்தவரை இரத்தம் இரண்டு வேறுபட்ட கேள்விகளுக்கு விடை தருகிறது. இது டெங்குதானா என்பது ஒன்று. நோய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் உண்டாகின்றன.

முதற் கேள்விக்குரிய பரிசோதனைகள் இரண்டு வகை. காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் வைரஸ் வெளியிடும் என்.எஸ்.1 என்னும் புரதத்தை இரத்தத்தில் தேடுவார்கள். ஐந்தாம் நாளை ஒட்டி, வைரஸை எதிர்த்து உடல் தோற்றுவிக்கும் ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருள் தென்படத் தொடங்கும். அதன் பிறகு அதைத் தேடுவார்கள். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். பார்த்து இல்லை என்றாலும், எட்டாம் நாளில் என்.எஸ்.1 பார்த்து இல்லை என்றாலும், அது டெங்கு இல்லை என்பதற்குச் சான்றாகாது. விதைத்த மறுநாள் வயலுக்குப் போய் முளை காணவில்லை என்பது போன்றதே. சில நிமிடங்களில் விடை தரும் அட்டைப் பரிசோதனைகளும் கடைகளில் வந்துவிட்டன. அவை தவறுவதும் உண்டு. ஆகையால் எலிசா முறையில் செய்யும் பரிசோதனையையே அரசு உறுதியானதாக ஏற்கிறது. இதற்கென நாடெங்கும் குறிப்பிட்ட மருத்துவமனைகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, பூனாவிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்திலிருந்து ஐ.ஜி.எம். பரிசோதனைக்குரிய பொருள்கள் அனுப்பப்படுகின்றன.

டெங்கு என்று உறுதியாகும்வரை சிகிச்சை காத்திருப்பதில்லை என்பதை இங்கே சொல்லிவிடுவது நலம். எலிசா முடிவு வர ஓரிரு நாட்கள் செல்லலாம். வைத்தியர் அதற்குள் இரண்டாம் கேள்வியை எடுத்துக்கொண்டுவிடுவார். நோயாளியின் உயிர் இந்த இரண்டாம் கேள்வியில்தான் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, டெங்கு உடலில் செய்யும் கேடு யாது என அறியவேண்டும். மண் வாய்க்காலில் நீர் ஓடும்போது கரை இறுகியிருந்தால் நீர் கடைமடை வரை போய்ச் சேரும். கரை இளகிக் கசியத் தொடங்கினால், நீர் பக்கத்து நிலத்தில் இறங்கிவிடும். வாய்க்காலில் சேறே மிஞ்சும். நம் இரத்தத்தில் ஏறக்குறையப் பாதிக்குமேல் பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி. எஞ்சியதில் பெரும்பாலும் செவ்வணுக்கள். கடுமையான டெங்குவில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கசிவு கண்டு, நீர்ப்பகுதி நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் இறங்கிவிடுகிறது. வெளியே ஒரு சொட்டு இரத்தமும் சிந்தாதிருக்கும்போதே, குழாய்க்குள் ஓடவேண்டிய நீர் குறைந்து, நாடி தளர்ந்து, கைகால் சில்லிட்டு, நோயாளி அதிர்ச்சி நிலைக்குள்ளாகிறார். டெங்குவில் நேரும் இறப்புகளில் பெரும்பங்கு இவ்வாறு நேர்வதே.

இந்தக் கசிவைக் கண்ணால் காண முடியாது. ஆனால் அளக்க முடியும். கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சும்போது நீர் வற்ற வற்றச் சாறு பாகாகக் கெட்டிப்படுவதைப் போல, நீர்ப்பகுதி வெளியேற வெளியேற இரத்தம் கெட்டிப்படுகிறது. நூறு பங்கு இரத்தத்தில் செவ்வணுக்கள் எத்தனை பங்கு என்பதைக் காட்டும் அளவுக்கு ஹெமடோகிரிட் என்று பெயர். பரிசோதனைச் சீட்டில் பி.சி.வி. என்றோ ஹெச்.சி.டி. என்றோ அச்சிட்டிருப்பார்கள். சீட்டை வாங்கியவுடன் எல்லோரும் தட்டணுக்களின் வரியைத் தேடுகிறார்கள். இவ்வரியை எவரும் பார்ப்பதில்லை. பார்க்கவேண்டிய வரி இதுவே.

முதல் மூன்று நாட்களில் எடுத்த அளவோடு ஒப்பிடும்போது இந்த எண் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்துவிட்டால், கசிவு தொடங்கிவிட்டது என்று கொள்ளவேண்டும். தொடக்கத்தில் 38 இருந்தவருக்குப் பின்னர் 46 என்றால் அது அபாய அறிவிப்பு. நம் கிராமப் பெண்களின் நிலையை இங்கே தனியே குறிப்பிடவேண்டும். அவர்களுள் பலருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. நல்ல நாளிலேயே இந்த எண் 30 அளவில் நிற்கும். அத்தகைய ஒருத்திக்குக் காய்ச்சலின் ஐந்தாம் நாளில் முதன்முறையாக இரத்தம் எடுத்து, 36 என்று வந்தால், சீட்டில் அச்சிட்டுள்ள சரியான அளவுக்குள் அது அடங்கிவிடும். பார்ப்பவர் "இரத்தம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடவும் கூடும். உண்மையில் 30-இலிருந்து 36-க்கு ஏறியிருப்பது சரியாக ஐந்தில் ஒரு பங்கு, நீர்ப்பகுதி கசிந்துகொண்டிருக்கிறது. தொடக்கத்தில் எடுத்த அளவு கையில் இல்லாமற்போனால் இந்த ஆபத்தை அறிய வழியில்லை. காய்ச்சல் கண்ட இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒருமுறை இரத்தம் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

இனி, தட்டணுக்களைப் பற்றி. பிளேட்லெட் என்று இன்று சிறு குழந்தையும் சொல்லும் இவ்வணுக்கள் இரத்தத்தை உறையச் செய்து ஒழுக்கை அடைப்பவை. நல்ல உடலில் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கும். டெங்குவில் இவை குறைகின்றன. அதற்குச் சற்று முன்னதாகவே வெள்ளணுக்களும் குறைகின்றன. தட்டணுக்கள் விரைந்து 1,00,000-க்குக் கீழ் இறங்குவதும், அதனுடன் ஹெமடோகிரிட் ஏறுவதும் சேர்ந்து நிகழுமாயின் நோயாளி கவலைக்குரிய கட்டத்தில் நுழைகிறார் என்று வைத்தியர் உணர்ந்துகொள்வார். அவ்வளவில் இது பயனுள்ள எண். ஆனால் இந்த எண் 60,000 ஆகிவிட்டது என்பதற்காக உடனே வெளியிலிருந்து தட்டணுக்களை ஏற்றியாகவேண்டும் என்று நோயாளியின் உறவினர் வற்புறுத்துவது பொருந்தாது. இரத்தக் கசிவு இல்லாத நிலையில், 10,000-க்குக் கீழே இறங்கினாலொழியப் பொதுவாக அது தேவைப்படுவதில்லை. நோய் தணியும்போது இவை தாமே பெருகிவிடும். கொடையாளரைத் தேடி ஊர் ஊராக ஓடுகின்ற அந்த நேரத்தில், நோயாளி எத்தனை முறை சிறுநீர் கழித்தார் என்று கவனிக்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் அது பெரும் உதவியாயிருக்கும்.

எந்த நாளில் பரிசோதிப்பது என்பதுதான் நம் குடியானவர்கள் மிகவும் அறிந்துகொள்ளவேண்டிய செய்தி. எந்தக் காய்ச்சலிலும் உடற்சூடு தணிந்தால் நோய் நீங்கியது என்று மகிழ்வது இயல்பு. டெங்குவில் நிலைமை நேர்மாறு. முதல் மூன்று நான்கு நாட்கள் கடுமையாகக் காயும். பின்னர் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு இறங்கும். சூடு இறங்குகின்ற அந்த நேரத்தை ஒட்டியே இரத்தக் குழாய்களின் கசிவு தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரமே உயிருக்கு ஆபத்தான காலம். பெரும்பாலோர் அதைத் துன்பமின்றிக் கடந்துவிடுகிறார்கள். யார் கடப்பார், யார் கடவார் என்பதைத் தொடர்ந்து எடுக்கும் இரத்தப் பரிசோதனையும் உன்னிப்பான கவனிப்புமே காட்டும்.

சம்பாப் பயிரில் களையெடுப்பு நடக்கும் பருவமும் டெங்குவின் பருவமும் ஒன்றாயிருப்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். நான்கு நாட்கள் கூலியை இழந்து படுத்திருந்த ஒரு பெண், ஐந்தாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்திருப்பதைக் கண்டு, கஞ்சி குடித்துவிட்டுக் களைக்கொட்டுடன் புறப்படுகிறாள். அன்றுதான் அவள் வயலுக்குப் போகவே கூடாத நாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இரண்டாம் முறை இரத்தம் கொடுக்கவேண்டிய நாள். இதை அவளுக்கு யார் சொல்வது? ஊரில் யாருக்குக் காய்ச்சல், எத்தனையாவது நாள் என்பதைக் கிராம சுகாதார செவிலியர் அறிந்திருப்பார். பஞ்சாயத்து உறுப்பினர் தம் வார்டில் அவருக்குத் துணைநின்று, நான்காம் ஐந்தாம் நாட்களில் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் விசாரிப்பாராயின், அது எந்தத் தீர்மானத்தை விடவும் பயனுடையது. வயிற்றில் விடாத வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, வழக்கத்திற்கு மாறான சோர்வு அல்லது அமைதியின்மை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் 108 வண்டியை அழைத்துவிட வேண்டும்.

சிகிச்சையில் இரத்தப் பரிசோதனை எவ்வாறு கைகொடுக்கிறது என்பதையும் அறிந்தால், "ஏன் இத்தனை முறை ஊசி குத்துகிறார்கள்?" என்னும் மனக்குறை எழாது. கடுமையான டெங்குவுக்கு முக்கியமான சிகிச்சை, கசிந்துபோன நீருக்கு ஈடாக உப்பு நீரை இரத்தக் குழாய் வழியே அளவாகச் செலுத்துவது. எவ்வளவு செலுத்தவேண்டும் என்பதைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஹெமடோகிரிட்டும், நாடியும், இரத்த அழுத்தமும், சிறுநீரின் அளவும் சேர்ந்து காட்டுகின்றன. ஒன்றிரண்டு நாட்களில் கசிவு நின்று, வெளியேறிய நீர் மீண்டும் குழாய்களுக்குள் திரும்பும். அப்போது எண் இறங்கும். உடனே செலுத்துவதைக் குறைத்து நிறுத்தவேண்டும். நிறுத்தாமற்போனால் மிகுந்த நீர் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும். மடையைத் திறப்பதற்கு எவ்வளவு அறிவு வேண்டுமோ, மூடுவதற்கும் அவ்வளவு வேண்டும். நோயாளியின் நிலை மோசமாயிருக்கும்போதே எண் திடீரென இறங்குமாயின், அது உள்ளே எங்கோ இரத்தம் ஒழுகுவதன் அடையாளமாகவும் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு. "உடம்பு தளர்ச்சியாக இருக்கிறது, இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள்" என்று கேட்டுப் பெறும் பழக்கம் எவ்வளவு அபாயகரமானது என்பது இதிலிருந்து விளங்கும்.

உலக சுகாதார நிறுவனம் கூறுவதாவது: கடுமையான டெங்குவை உரிய முறையில் கவனியாவிட்டால் நூற்றுக்கு இருபது பேருக்கு மேலும் மாளக்கூடும், முன்னதாகக் கண்டறிந்து முறைப்படி கவனித்தால் அது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகும். புதிதாகக் கண்டுபிடித்த மருந்து ஏதும் இந்த வேறுபாட்டைத் தரவில்லை. உப்பும் நீரும், அவற்றை அளந்து தருவதற்குரிய பரிசோதனையுமே தந்தன. தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டில் 12,826 பேருக்கு டெங்கு உறுதிசெய்யப்பட்டு 66 பேர் மாண்டனர். 2017-இல் 23,294 பேருக்கு உறுதிசெய்யப்பட்டு 65 பேர் மாண்டனர்.

முன்னொருமுறை டெங்கு வந்து பிழைத்தவர், இனி வராது என்று எண்ணியிருப்பதும் தவறு. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை வந்து நீங்கினால் அவ்வகைக்கு மட்டுமே நிலைத்த எதிர்ப்பு உண்டாகும். பின்னர் வேறொரு வகை தாக்கும்போது நோய் முன்னிலும் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். ஆகையால் வைத்தியரிடம் செல்லும்போது பழைய சீட்டையும் எடுத்துச் செல்லவேண்டும்.

வீட்டு வைத்தியத்தைக் குறித்தும் இரண்டு வார்த்தை. நிலவேம்புக் குடிநீரை அரசே வழங்கி வந்திருக்கிறது. பப்பாளி இலைச் சாற்றையும் பலர் நம்புகிறார்கள். அவற்றைக் குடித்தோம் என்பதற்காக இரத்தம் எடுப்பதை ஒத்திவைக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையாசிரியர் வேண்டுவது. கஞ்சி, மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை நோயாளி குடிக்கும் மட்டும் தாராளமாகக் கொடுக்கலாம். காய்ச்சலுக்கு வைத்தியர் சொல்லும் அளவில் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரினும், இபுபுரூபன், டைக்ளோபெனாக் போன்ற வலி மருந்துகளும் இரத்த ஒழுக்கை உண்டாக்கக்கூடியவை. டெங்குப் பருவத்தில் அவற்றைத் தாமே வாங்கி உண்பதும், இடுப்பில் ஊசியாகப் போட்டுக்கொள்வதும் ஆகாது.

இனி, முதற் கேள்விக்குக் கிடைக்கும் விடை ஊருக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதைப் பஞ்சாயத்தார் கவனிக்கவேண்டும். டெங்கு நோயாளியைக் கடிக்கும் ஏடிஸ் கொசு உடனே நோயைப் பரப்பிவிடுவதில்லை. வைரஸ் அதன் உடலில் பெருகி, அடுத்தவரைக் கடிக்கும்போது தொற்றும் நிலையை அடைய 8 முதல் 12 நாட்கள் ஆகும். ஒருவருக்கு டெங்கு என்று இரத்தப் பரிசோதனையில் விரைவாக உறுதிப்பட்டு, செய்தி அன்றே பஞ்சாயத்துக்கு எட்டுமானால், ஊருக்குச் சில நாட்கள் அவகாசம் கிடைக்கிறது. அந்த வீட்டையும் அதைச் சுற்றியுள்ள வீடுகளையும் அந்த நாட்களுக்குள் சோதித்து, புழு வளரும் நீரைக் கொட்டிவிட்டால், பிறக்கவிருக்கும் கொசுக்கள் தடைப்படும். புகை அடித்தால் பறப்பவற்றுள் பலவும் மடியும். நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் வைத்தால் வேறு கொசுக்கள் வைரஸை ஏற்றுக்கொள்வதும் தவிர்க்கப்படும். பரிசோதனை பத்து நாள் தாமதித்தால் இந்த அவகாசம் வீணாகிவிடும்.

எங்கே தேடுவது என்பதில் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள கீரப்பாளையம், மேல்புவனகிரி, கம்மாபுரம் ஒன்றியங்களின் ஊர்களில் எங்கு நோக்கினும் நீர். ஏரி நீர், வாய்க்கால் நீர், நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் நீர் ஆகியவற்றின்மேல் பலரும் பழி போடுகிறார்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஓடும் நீரும் வயல் நீரும் உகந்தவையல்ல. மூடாத சிமெண்டுத் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், முற்றத்து ஆட்டுக்கல், தேங்காய்த் தொட்டி, பழைய டயர், குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றிலுள்ள தெளிந்த நீரையே அது நாடுகிறது. அதன் முட்டை நீரின்றிப் பல மாதம் உலர்ந்து கிடந்தும், மழை நீர் பட்டதும் பொரிக்கும்; ஆதலால் தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும்.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இப்பரிசோதனைகளுக்குக் கட்டணம் இல்லை. நோய் முற்றியவர்களைக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். அவ்வாறு போகும்போது, முன்னர் எடுத்த சீட்டுகள் யாவற்றையும், ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் குறித்து, வண்டியில் ஏறும் ஆளின் கையில் கொடுத்தனுப்புவது பஞ்சாயத்து உறுப்பினரின் பொறுப்பாயிருக்கட்டும். அங்கே இரவில் பணியிலிருக்கும் டாக்டர் முதலில் கேட்பது, நேற்று எண் எவ்வளவு இருந்தது என்பதாகவே இருக்கும்.